ஈறுல ரத்தம் வந்தா அந்த இடத்தை விட்டுட்டுத் தேய்க்கலாமா?

முலுண்ட்_கிழக்கு
பல் தேய்க்கும்போது துப்பற நுரை சிவப்பா இருந்தா நம்ம வீடுகள்ல வழக்கமா ரெண்டு காரியம் நடக்கும். அந்த இடத்துல பிரஷ் படாம ஒதுங்கித் தேய்ப்பாங்க. அடுத்த மாசம் வேற பேஸ்ட் வாங்குவாங்க. முதலாவது நோயை வளர்க்கும், ரெண்டாவது காசைக் கரைக்கும். பல் சுகாதார வேலையில இருக்கறவங்க இதை எத்தனை தடவை சொன்னாலும் மும்பைத் தமிழ்க் குழுக்கள்ல அதே கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. அதனால ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு இந்த இழை.

பல்லும் ஈறும் சேர்ற விளிம்புல, பல்லைச் சுத்தி ஒரு சின்னப் பள்ளம் உண்டு. நல்ல ஈறுல அதோட ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கிருமிப் படலம் முதல்ல ஒட்டறது அங்கதான். பார்த்தா தெரியாது, நாக்கால தடவினா பல் சொரசொரன்னு இருக்கும். அதை எடுக்காம விட்டா உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுது. பள்ளத்தோட உள்தோல் மெலிஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவுல புண்ணாகுது. அதுல தூரிகை முனை பட்டா ரத்தம். பிரஷ் குத்தி வந்த ரத்தம் இல்ல அது, ஏற்கெனவே புண்ணா இருந்த இடத்தை பிரஷ் காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான்.

1965-ல டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்துல ஹரால்ட் லோவும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை வெளியிட்டாங்க. ஈறு நல்லா இருந்த 12 பேரைப் பல் தேய்க்கறதை அடியோட நிறுத்தச் சொன்னாங்க. 10 முதல் 21 நாளுக்குள்ள அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிச்சு. திரும்பத் தேய்க்க ஆரம்பிச்சதும் ஏறக்குறைய ஒரு வாரத்துல சரியாச்சு. மாத்திரை, டானிக் எதுவும் இல்ல.

மாட்டுங்கா_மாமி
கொஞ்சம் நிதானமா எழுதுங்கோ. "ரத்தம் வர்ற இடத்தை நன்னா தேய்"னு சொன்னா, நம்மவா கடையில ஹார்ட் பிரஷ் கேட்டு வாங்கி, பாத்திரம் தேய்க்கற மாதிரி தேய்ச்சு, ஈறையே வழிச்சு எடுத்துடுவா. பல்லோட கழுத்துல வெட்டினாப்பல பள்ளம் விழறது யாருக்கு? இப்படித் தேய்க்கறவாளுக்குத்தானே?

பெரியோ_தாதர்
மாமி சொல்வது சரி. அந்த இடத்துக்கு வேண்டியது கூடுதல் நேரம், கூடுதல் அழுத்தம் இல்லை. அழுத்தம் கூடினால் ஈறு கீழிறங்கும், வேர் வெளியே தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும்.

தேய்க்கும் முறையைப் பிரித்து எழுதுகிறேன். மென் தூரிகை போதும். தலைப்பகுதி இரண்டு, இரண்டரைப் பல்லை மூடும் அளவு இருந்தால் கடைவாய்ப் பல்லின் பின்புறம் வரை போகும். பெரிய தலை அங்கே போகாது. பேனா பிடிப்பதுபோல் விரல் நுனியில் பிடியுங்கள். உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாலே அழுத்தம் தானாக ஏறிவிடும். தூரிகை முனைகள் ஈறின் விளிம்பைப் பார்த்து 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். பாதி ஈறில், பாதி பல்லில். அப்படியே வைத்து, இடம் நகராமல், சின்னச் சின்னதாகப் பத்து அதிர்வு. பிறகு ஈறிலிருந்து கடிக்கும் பக்கமாக ஒரு சுழற்று. அடுத்து இரண்டு பல் தள்ளி மறுபடி. அமெரிக்காவின் சார்லஸ் பாஸ் என்ற மருத்துவர் சொன்ன முறையின் திருத்திய வடிவம் இது. முழு வாய்க்கும் 2 நிமிடம் என்பது குறைந்தபட்சம். ரத்தம் வருகிறவர்களுக்கு 3 நிமிடம் ஆனாலும் தப்பில்லை.

எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். எல்லோரும் முன்பல்லின் வெளிப்பக்கம் ஆரம்பித்து, உள்பக்கம் வரும்போது அலுத்து விடுகிறார்கள். கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நாக்கடியில் எச்சில் சுரப்பியின் வாய் திறப்பதால் காரை (கல்லாக இறுகிய கிருமிப் படலம்) சீக்கிரம் கட்டுவது அங்கேதான். அடுத்தது மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். காரணம் அதுவே, சுரப்பிதான் வேறு. கீழ் முன்பல்லின் உட்புறத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தாகத் திருப்பி, நுனியால் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்கலாம்.

மூன்று மாதம் கழித்துத்தான் பிரஷ் மாற்ற வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். முனைகள் விரிந்துவிட்டால் அன்றே மாற்றுங்கள். மூன்று வாரத்தில் விரிகிறது என்றால் கை அழுத்துகிறது என்று அர்த்தம்.

மெடிக்கல்_செம்பூர்
டாக்டர் பேஸ்ட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. கடையில முதல் கேள்வியே அதுதான். ஈறு ரத்தத்துக்குப் பேஸ்ட்டோட பங்கு கொஞ்சம்தான், தூரிகையோட அசைவுதான் வேலை செய்யுது. ஃப்ளோரைடு இருக்கா பாருங்க, அது பல் சொத்தைக்காக. இந்தியாவுல 1,000 பி.பி.எம் (பத்து லட்சம் பங்குல 1,000 பங்கு) தான் உச்ச வரம்பு. பட்டாணி அளவு போதும். விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கினா நுரைதான் வரும், நுரை வந்ததும் "முடிஞ்சுது"ன்னு துப்பிடுவாங்க.

முலுண்ட்_கிழக்கு
பிரஷ் எவ்வளவு நல்லா பிடிச்சாலும் ரெண்டு பல்லுக்கு நடுவுல போகாது. ஈறு நோய் பெரும்பாலும் ஆரம்பிக்கறதே அந்த இடுக்குலதான். தினம் ராத்திரி ஒரு தடவை ஃப்ளாஸ் நூல் போடணும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு நீளம், சுமார் 45 செ.மீ. ரெண்டு நடுவிரல்லயும் சுத்திட்டு நடுவுல 3, 4 செ.மீ விடுங்க. பல்லிடுக்குல சடக்குன்னு அமுக்காதீங்க, ஈறு அறுபடும். ரம்பம் மாதிரி மெதுவா முன்னும் பின்னும் இழுத்து இறக்கணும். உள்ளே போனதும் நூலை ஒரு பல்லை அணைச்ச மாதிரி வளைச்சு, ஈறுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் போய் மேலயும் கீழயும் நாலஞ்சு தடவை. அப்புறம் அதே இடுக்குல பக்கத்துப் பல்லை அணைக்கணும். ரெண்டாவது பல்லைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க.

பெரியோ_தாதர்
இதில் சின்ன மாற்றுக் கருத்து. ஈறு ஏற்கெனவே இறங்கி, பல்லிடுக்கில் முக்கோண ஓட்டை தெரிகிறவர்களுக்கு நூல் பயன்படாது. பல்லின் வேர்ப்பகுதி உட்குழிந்திருக்கும், நூல் அந்தக் குழியைத் தாண்டி மேலோடு போய்விடும். அவர்களுக்கு இடைப்பல் தூரிகைதான், பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம். நாற்பது வயதுக்கு மேல் உள்ள பலருக்கும் நான் சொல்வது இதைத்தான். நெருக்கமான பல் இருக்கிற இளையவர்களுக்கு நூல்.

அளவில்தான் தவறு நடக்கிறது. சின்ன அளவு வாங்கி உள்ளே விட்டு ஆட்டினால் எங்கும் படாது. பெரியதைத் திணித்தால் நடுக்கம்பி ஈறைக் கிழிக்கும். முனைகள் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், கம்பி பல்லில் தட்டக் கூடாது. ஒரே வாயில் பெரும்பாலும் இரண்டு அளவு தேவைப்படும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நிறத்தை வைத்து அளவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு நிறம் வைத்திருக்கிறது, உறையில் உள்ள மில்லிமீட்டரைப் பாருங்கள். பேஸ்ட் போடாமல் வெறும் தண்ணீரில் நனைத்தால் போதும்.

மாட்டுங்கா_மாமி
முதல் நாள் நூல் விட்டாலே ரத்தமா வர்றதே, அங்கதானே எல்லாரும் விட்டுடறா?

முலுண்ட்_கிழக்கு
ஆமா மாமி, அந்த முதல் வாரம்தான் பிடிவாதமா இருக்கணும். மூணு நாலு நாள் கூடுதலாவே வரலாம். ஒழுங்கா செஞ்சா ஒரு வாரம், பத்து நாள்ல கண்ணுக்குத் தெரியற மாதிரி குறையும். ரெண்டு வாரம் ஆகியும் குறையலன்னா ஈறுக்குள்ள காரை இருக்குன்னு எடுத்துக்கலாம். அதை எந்த பிரஷ்ஷும் எடுக்காது.

நூல் கீறின ரத்தம் வேற. அது ஒரே இடத்துல, எரிச்சலோட, கோடு போட்ட மாதிரி இருக்கும், ரெண்டு மூணு நாள்ல ஆறிடும். ஈறு அழற்சி பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததாலதான் ஆளுங்க வருஷக்கணக்கா விட்டுடறாங்க.

மெடிக்கல்_செம்பூர்
இப்ப மவுத்வாஷ். குளோர்ஹெக்சிடின்ங்கற கிருமிநாசினி 0.2 சதவீதம்னா 10 மி.லி. எடுத்து ஒரு நிமிஷம் கொப்பளிச்சுத் துப்பணும், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. சில பாட்டில்ல சம அளவு தண்ணி கலக்கச் சொல்லியிருக்கும், லேபிளைப் படிங்க. பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச உடனே கொப்பளிச்சா வீண். பேஸ்ட்டுல நுரைக்காகப் போடற சோப்புப் பொருள் இந்த மருந்தோட சேர்ந்து அதைச் செயலிழக்க வைக்குது. நடுவுல அரை மணி விடுங்க. கொப்பளிச்சதும் தண்ணியால அலம்பாதீங்க. அதுக்கு மேல உடனே ஒரு கட்டிங் சாய் குடிச்சீங்கன்னா பல்லு பழுப்பாகும், நாக்கும் கறுக்கும். அந்தக் கறை ஸ்கேலிங்குலதான் (பல் மருத்துவர் கருவியால காரையை எடுக்கறது) போகும். நாக்கு ருசியும் கொஞ்ச நாள் மாறும்.

ரெண்டு வாரத்துக்கு மேல நீங்களா தொடராதீங்க. முக்கியமா, அது ஈறுக்கு மேல மட்டும்தான் வேலை செய்யும், பாக்கெட்டுக்குள்ள (ஈறு பல்லை விட்டு விலகி ஆழமான பள்ளம்) இறங்காது. ரத்தம் நின்னுடுச்சுன்னு வருஷம் பூரா அதையே கொப்பளிக்கறவங்க உள்ள இருக்கற நோயை மூடி வைக்கறாங்க.

ஈறுல தடவற துவர்ப்பு மருந்தும் அப்படித்தான். டேனிக் அமிலம், ஜிங்க் குளோரைடு இருக்கும். தடவினா ஈறு இறுகின மாதிரி இருக்கும். படலம் அப்படியே இருக்கும்.

மாட்டுங்கா_மாமி
கல்லுப்பு தண்ணி? நல்லெண்ணெய் கொப்பளிக்கறது? ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொல்லி வெச்சிருக்காளே?

பெரியோ_தாதர்
ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. புண்ணுக்கு இதம், ஸ்கேலிங் செய்த மறுநாள் நல்லது. படலத்தை அது எடுக்காது. எண்ணெய் கொப்பளிப்பதைத் தேய்த்தலுக்குப் பதிலாக வைக்காதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சிறு குழந்தைகளுக்கும் விழுங்குவதில் சிரமம் உள்ள முதியவர்களுக்கும் வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம். குச்சியை மென்று நார் நாராக்கி ஈறு விளிம்பில் நிதானமாக ஓட்டினால் அதுவும் தூரிகைதான். உள்பக்கம் எட்டாது, அதுதான் குறை. செங்கல் தூள், அடுப்புக்கரி, சாம்பல், காவி சேர்ந்த சிவப்புப் பொடி ஆகியவை கண்டிப்பாக வேண்டாம். எனாமலையே அரைக்கும்.

தாராவி_90அடி
பொடின்னு பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லணும். இந்த ஊர்ல மிசிரி. புகையிலையை வறுத்துக் கரியாக்கிப் பொடிச்சது. மராத்தி வீடுகள்ல பழக்கம், நம்ம சால்கள்லயும் (ஒண்டுக் குடித்தனக் கட்டடங்கள்) பெண்கள் காலைல வயித்தைக் கலக்கணும்னு ஈறுல தேய்க்கறாங்க. அதைப் "பல்பொடி"ன்னுதான் சொல்றாங்க, புகையிலைன்னு கணக்குலயே எடுக்கறதில்ல. பற்பசை, பற்பொடில புகையிலை சேர்க்கறதை மத்திய அரசு 1992-லயே தடை செஞ்சாச்சு. ஆனா வீட்டுல வறுக்கறதை யார் தடுக்கறது? பல் மருத்துவ கேம்ப்புல "புகையிலை போடுவீங்களா"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் பதில் வரும். "காலைல எதால தேய்ப்பீங்க"ன்னு கேக்கணும்.

புகையிலை போடறவங்களுக்கு ரத்தம் வராதுன்னு ஒரு பெருமை வேற.

பெரியோ_தாதர்
கேள்வியை மாற்றிக் கேட்கச் சொன்னது அருமை. ஒரு திருத்தம் மட்டும். ரத்தம் குறைவாகத் தெரிவது பீடி, சிகரெட் புகைப்பவர்களிடம் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். புகை ஈறின் ரத்த நாளங்களைப் பாதித்து அழற்சியின் அடையாளத்தை மறைத்துவிடுகிறது. வெளியே ஈறு வெளிறி, இறுக்கமாக, நலமாகத் தெரியும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். புகையை விட்ட சில வாரங்களில் ரத்தம் அதிகம் வரலாம். "விட்டதும் கெட்டுப்போச்சு" என்று திரும்பப் பிடிக்கிறார்கள். உண்மையில் ஈறு பழைய நிலைக்குத் திரும்புவதன் அடையாளம் அது. மிசிரி, குட்கா, கைனி விஷயத்தில் கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு, வைத்த இடத்தில் ஈறு இறங்குவதும் வெள்ளைப் படை உண்டாவதும். அந்தப் படை புற்றாக மாறலாம், அதனால் ரத்தம் இருக்கிறதோ இல்லையோ காட்டித்தான் ஆக வேண்டும்.

பொதுமருத்துவம்_சயான்
எல்லா ஈறு ரத்தமும் படலத்தால் வருவதல்ல. எங்கள் பக்கத்திலிருந்து சில வரிகள்.

மழைக்காலத்தில் காய்ச்சலும் ஈறு ரத்தமும் சேர்ந்தால் பல் மருத்துவரிடம் போகாதீர்கள், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்குவில் ஈறு, மூக்கிலிருந்து வரும் ரத்தம் எச்சரிக்கைக் குறி. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது.

பிரஷ் படாமலே, தலையணையில் கறை படியும் அளவுக்கு ரத்தம், காரணமில்லாத நீலத் திட்டு, சோர்வு, ஈறு உப்பிப் பல்லை மூடுவது என்று இருந்தால் முதலில் முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனை. ரத்தப் புற்று சில சமயம் ஈறில்தான் முதலில் தெரியும். எல்லோரும் பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் அந்தச் சேர்க்கையை ஸ்கேலிங் செய்து அனுப்பிவிடக் கூடாது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஈறு ரத்தம் துடைத்தால் போகும், இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து அடைத்தால் உயிர் போகும். வார்ஃபரின் என்றால் அண்மையில் எடுத்த ஐ.என்.ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) சீட்டைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். மருந்தை மாற்ற முடியுமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை இருவழிப் பாதை. சர்க்கரை கூடினால் ஈறு நோய் கூடும், ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ1சி கொஞ்சம் இறங்கும்.

மெடிக்கல்_செம்பூர்
வைட்டமின் சி பத்தியும் சொல்லிடுங்க டாக்டர். ஈறு ரத்தம்னு வந்து சப்பற மாத்திரை 500 மி.கி. கேக்கறவங்க நிறைய.

பொதுமருத்துவம்_சயான்
ஈறு ரத்தத்துக்கு வைட்டமின் சி மருந்து என்ற பெயர், கப்பல் மாலுமிகளுக்கு அது குறைந்து வந்த ஸ்கர்வி நோயால் வந்தது. 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் எலுமிச்சை, ஆரஞ்சு கொடுத்துப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். இன்று மும்பையில் ஒரு கொய்யாப்பழம் சாப்பிட்டால் அன்றைய தேவை முடிந்தது. பழம், காய் தொடாமல் டீயும் பிஸ்கட்டுமாக வாழும் முதியவர்கள், நாள்பட்ட குடிப்பழக்கம் உள்ளவர்கள், இவர்களிடம் குறைபாட்டைச் சந்தேகிக்கலாம். மற்றவர்களுக்கு மாத்திரையால் படலம் கரையாது. அந்த மாத்திரை புளிப்பு, தினமும் வாயில் அடக்கிச் சப்பினால் எனாமல் அரிக்கும்.

மாட்டுங்கா_மாமி
கர்ப்பமா இருக்கறவாளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வர்றதே, "குழந்தை பொறந்ததும் சரியாயிடும்"னு விட்டுடலாமா?

பெரியோ_தாதர்
விடக் கூடாது. ஹார்மோனால் ஈறு அதே அளவு படலத்துக்குக் கூடுதலாகக் கொதிக்கிறது, அவ்வளவுதான். படலம் இல்லையென்றால் கொதிக்கவும் ஒன்றுமில்லை. கர்ப்பத்தில் ஸ்கேலிங் பாதுகாப்பானது. நாற்காலியில் சாய்ந்திருக்க வசதியான காலம் 4 முதல் 6-வது மாதம். பல்லிடுக்கில் சிவப்பாக ஒரு முண்டு வளர்ந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கும், ஆனால் காட்டிவிடுங்கள். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி கழித்துத் தேய்க்கலாம்.

தாராவி_90அடி
ஸ்கேலிங் செஞ்சா பல் ஆடும், இடுக்கு விழும்னு எங்க பக்கம் உறுதியா நம்பறாங்க டாக்டர். அதை உடைக்கிற மாதிரி ஒரு பதில் குடுங்க, பிரிண்ட் எடுத்து ஒட்டிடறேன்.

பெரியோ_தாதர்
ஆடுகிற பல்லைக் காரை சிமென்ட் பூசியதுபோல் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரையை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. இடுக்கும் அப்படித்தான், காரையும் வீங்கிய ஈறும் அடைத்திருந்த இடம் காலியாகிறது. ஸ்கேலிங் கருவி அதிர்ந்து காரையை உதிர்க்கும், முறையாகச் செய்தால் எனாமலை எடுக்காது. சில நாள் கூச்சம் இருக்கும்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: ஆழ அளவீடு. மழுங்கிய நுனியுள்ள அளவுக்குச்சியால் ஒவ்வொரு பல்லிலும் 6 இடம் பார்ப்போம். 28 பல் என்றால் 168 இடம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் கசிந்தால் ஈறு அழற்சி. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம், எக்ஸ்ரேயில் எலும்பு இறக்கம் என்றால் அது அடுத்த கட்டம். சாதாரண ஸ்கேலிங் போதாது, மரக்கச் செய்து வேர்வரை சுத்தம் செய்ய வேண்டும், சுமார் மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாது, மேலும் கரையாமல் நிறுத்தலாம். அளக்காமலே "எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளீனிங்" என்று சொல்லும் இடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

முலுண்ட்_கிழக்கு
இன்னொண்ணு விட்டுப்போச்சு. வாய் பூரா நல்லா இருந்து ஒரே ஒரு இடுக்குல மட்டும் மாசக்கணக்கா ரத்தம் வந்தா, தேய்க்கறதுல குறை தேடாதீங்க. அங்க போட்ட கேப்போட ஓரமோ அடைச்ச சிமென்ட்டோட ஓரமோ துருத்திக்கிட்டு இருக்கும். நூல் விட்டா பிய்ஞ்சு வரும், அதுதான் அடையாளம். அந்த ஓரத்தைச் சீவணும் இல்ல மாத்தணும்.

மாட்டுங்கா_மாமி
கடைசியா ஒண்ணு. மழை நாள்ல பாத்ரூம்ல பிரஷ் காயவே மாட்டேங்கறது. மூடி போடலாமா?

மெடிக்கல்_செம்பூர்
போடாதீங்க மாமி, ஈரத்தை அடைச்சு வைக்கும். உதறிட்டு நெட்டுக்குத்தா ஜன்னல் பக்கம் வைங்க. ரெண்டு பிரஷ் வெச்சு மாத்தி மாத்தி எடுத்தா ஒண்ணு காய நேரம் கிடைக்கும்.

தாராவி_90அடி
அரசு இடம் கேக்கறவங்களுக்கு: மும்பை சென்ட்ரல்ல நாயர் பல் மருத்துவக் கல்லூரி, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கம் செயின்ட் ஜார்ஜ் வளாகத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி. கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) எடுக்கறப்ப "பல்வலி"ன்னு சொல்லாதீங்க, "ஈறுல ரத்தம்"னு சொல்லுங்க, ஈறுப் பிரிவுக்கு அனுப்புவாங்க. சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, சர்க்கரைச் சீட்டும். பயிற்சி மாணவர்கள் செய்யறதால நேரம் ஆகும், ரெண்டு தடவை வரச் சொல்லலாம். காலைல சாப்பிட்டுட்டே போங்க.